ஆண்களின் முகப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளை நாள்தோறும் கேட்கிறேன். கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, வெயிலில் பைக் ஓட்டி உணவு கொண்டுபோகும் தம்பிகள் உண்டு, மகளின் கல்யாணம் நெருங்குகிற அப்பாக்களும் உண்டு. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முகத்தைப் பேணுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கூச்சத்தால் மருத்துவரிடம் போகாமல், நண்பன் கைகாட்டிய டியூபை வாங்கிப் பூசி முகம் கெட்டு வருகிறவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. எதை நீங்களே செய்துகொள்ளலாம், எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எல்லையை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

முகத்துக்கு என்னதான் செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

காலையில் மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவுங்கள், லேசாக மாய்ஸ்சரைசர் பூசுங்கள், அதன் மேல் சன்ஸ்கிரீன். இரவில் கழுவுங்கள், மாய்ஸ்சரைசர் பூசுங்கள், படுங்கள். அவ்வளவுதான். காலையில் மூன்று நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் போதும். பரு, கரும்புள்ளி என்று தனிச் சிக்கல் இருந்தால் மட்டும் இரவில் இன்னொரு மருந்து சேரும். பத்துப் பொருள் வாங்கி வைத்து ஒரு வாரம் பூசிவிட்டு மறப்பதைவிட, இந்த மூன்றை ஒரு வருடம் விடாமல் செய்வது முகத்துக்கு நல்லது.

குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் போட்டால் என்ன?

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. கட்டிச் சோப்பு காரத்தன்மை கொண்டது, அதன் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் கொழுப்புப் பொருள்கள் சாந்து போல அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. காரமான சோப்பு அழுக்கோடு சேர்த்து அந்தச் சாந்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறதே, அதைப் பலர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது தோல் வறண்டதற்கான அடையாளம்.

நம் ஊர்த் தண்ணீரும் இதில் ஒரு கை கொடுக்கிறது. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரை வராது, பிசுபிசுப்பான வெள்ளைப் படிவு உண்டாகும். பிளாஸ்டிக் வாளியின் உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள், தெரியும். அதே படிவு முகத்திலும் மெல்லியதாகத் தங்கி அரிப்பைக் கிளப்புகிறது. ஃபேஸ் வாஷ்களிலும், ‘சிண்டெட்’ எனப்படும் சோப்பு அல்லாத கட்டிகளிலும் இருக்கும் சுத்திகரிப்புப் பொருள் வேறு வகை. உப்புத் தண்ணீரிலும் அவை படிவு விடுவதில்லை.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) 76 சதவீதம் என்று இருந்தால் முதல் தரம்தானே என்று கேட்பார்கள். குளியல் சோப்பில் அது முதல் தரம்தான். ஆனால் முதல் தரச் சோப்பும் காரமான சோப்பே. உடம்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவலாம்?

இரண்டு முறை ஃபேஸ் வாஷ். வெயிலில் அலைந்து வியர்த்து வந்தால் நடுவில் வெறும் தண்ணீர் போதும். முகம் எண்ணெய் வழிகிறது என்று ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவுவதால் தோல் எரிச்சலடையும், எண்ணெய்ச் சுரப்பி அடங்காது. அந்தச் சுரப்பிக்குக் கட்டளை ஹார்மோனிலிருந்து வருகிறது.

‘ஆண்களுக்கு’ என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. ஆண் ஹார்மோன்களால் ஆண்களின் தோல் சற்றுத் தடிமனாகவும் எண்ணெய்ப் பசை கூடுதலாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கேற்ற பொருள் எந்த வண்ண டப்பாவிலும் கிடைக்கிறது. கறுப்பு டப்பா, கரித்தூள், ஜில்லென்ற மென்தால், தூக்கலான வாசனை ஆகிய நான்கும் விற்பனைக்கானவை. மென்தாலின் குளிர்ச்சி நரம்பில் தோன்றும் உணர்ச்சி மட்டுமே, அதனால் முகம் கூடுதலாகச் சுத்தமாவதில்லை. ஷேவ் செய்த முகத்தில் அது எரிச்சலும் தரும். வீட்டில் மனைவியோ அக்காவோ நல்ல ஃபேஸ் வாஷ் வைத்திருந்தால் தாராளமாக அதையே பயன்படுத்துங்கள்.

என் தோல் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் மின்விசிறியின் கீழ் இருங்கள். முழுக்கப் பளபளத்தால் எண்ணெய்த் தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்தால் கலவைத் தோல், நம் ஊரில் பெரும்பாலோர் இந்த வகை. கன்னம் இழுத்தால் வறண்ட தோல். எதைப் பூசினாலும் எரிந்தால் உணர்திறன் மிகுந்த தோல், வாசனை சேர்க்காத பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் வழிகிற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு?

எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. முகம் எண்ணெயாக இருக்கும்போதே உள்ளே தண்ணீர்ச் சத்துக் குறைந்திருக்கலாம். எட்டு மணி நேரம் ஏ.சி. அறையில் உட்காருபவர்களுக்கு இது சாதாரணம். பருவுக்கு மருந்து போடுகிறவர்களுக்கோ மாய்ஸ்சரைசர் கட்டாயம், இல்லையென்றால் மருந்தின் வறட்சி தாங்காமல் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

எண்ணெய்த் தோலுக்கு ஜெல் வடிவில், துளையை அடைக்காதது என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். வறண்ட தோலுக்குக் கிளிசரின், செரமைடு (முன்பு சொன்ன சாந்து வகைக் கொழுப்பு) உள்ள கிரீம். முகம் கழுவி ஒற்றியெடுத்த ஈரம் முழுதும் காய்வதற்குள் பூச வேண்டும். பட்டாணி அளவு போதும். தேங்காயெண்ணெயை முகத்துக்குப் பூசும் வழக்கம் நமக்கு உண்டு. கை கால்களுக்கு அருமையான பொருள் அது, ஆனால் பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கும்.

சன்ஸ்கிரீன் உண்மையிலேயே தேவையா? நாம் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே?

மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சன்ஸ்கிரீனைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

கறுத்த தோலில் இருக்கும் மெலனின் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது, தோல் புற்றுநோய் நம்மிடையே வெள்ளையரைவிடக் குறைவு. அதை மறுக்கவில்லை. ஆனால் நம் தோலுக்கு வேறொரு சுபாவம் உண்டு. சின்னக் காயம், பரு, எரிச்சல் எது வந்தாலும் கறுப்பாகத் தழும்பு விட்டுவிடும். அந்தத் தழும்பை மாதக்கணக்கில் மறையவிடாமல் வைத்திருப்பது வெயில். கன்னத்தில் திட்டுத்திட்டாகப் படரும் மங்கு பெண்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறார்கள். கட்டட வேலை, விவசாயம், விற்பனைப் பிரதிநிதி வேலை என்று வெயிலில் நிற்கும் ஆண்களுக்கும் வருகிறது.

புற ஊதாக் கதிர் அளவீட்டில் 3 வந்தாலே பாதுகாப்புத் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 11க்கு மேல் மிகக் கடுமை. ஏப்ரல், மே மாத நண்பகலில் சென்னையிலும் மதுரையிலும் அந்த அளவு 11ஐத் தாண்டுவது வழக்கம். கைபேசியின் வானிலைச் செயலியில் இந்த எண் இருக்கும், ஒருநாள் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சாதாரணக் கண்ணாடி, தோலைச் சிவக்க வைக்கும் ‘பி’ வகைக் கதிரைப் பெருமளவு தடுக்கும். கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் ‘ஏ’ வகைக் கதிரை உள்ளே விட்டுவிடும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கமிருந்த இடக் கன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது, வலக் கன்னம் வயதுக்கேற்ப இருந்தது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். கால் டாக்ஸி ஓட்டும் நண்பர்கள் கண்ணாடியில் தங்கள் வலக் கன்னத்தையும் வலக் கையையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது, எவ்வளவு பூசுவது?

எஸ்.பி.எஃப். என்ற வெயில் பாதுகாப்பு எண் 30 அல்லது 50. முதலாவது ‘பி’ வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும் இரண்டாவது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கிறது. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. ‘ஏ’ வகைக்கு பி.ஏ. என்ற குறியும் அதன் பக்கத்தில் குறைந்தது மூன்று கூட்டல் குறிகளும் இருக்க வேண்டும்.

எண்ணைவிட அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கிரீமைப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அவ்வளவு வேண்டும். பெரும்பாலான ஆண்கள் மூக்கு நுனியளவு எடுத்து முகம் முழுக்க இழுக்கிறார்கள், அப்போது 50 என்று அச்சிட்டிருப்பதில் சிறு பங்குதான் தோலுக்குக் கிடைக்கிறது. காது, பின்கழுத்து, வழுக்கை விழுந்த நெற்றி மேடு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பு பூசுங்கள். தொடர்ந்து வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பைக்கில் சுற்றும் வேலையில் அது எல்லா நாளும் நடக்காது என்று எனக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒருமுறை என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனுக்குத் துணை.

பூசினால் முகம் சாம்பல் பூத்தது போல ஆகிறது. வியர்வையில் வழிந்து கண் எரிகிறது.

துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் அதிகமுள்ள கிரீம்கள் கறுத்த முகத்தில் வெளிறித் தெரியும். ஜெல் வடிவிலான மற்ற வகையை முயலுங்கள். மங்கு உள்ளவர்கள் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குவது நல்லது. அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், அந்த ஒளியாலும் மங்கு கூடுகிறது. கண் எரிச்சலுக்கு, புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் துத்தநாக வகையைப் பூசுங்கள், மற்ற இடத்தில் ஜெல்.

சன்ஸ்கிரீன் போட்டால் வைட்டமின் டி குறையாதா?

அன்றாடப் பயன்பாட்டில் அப்படிக் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கை கால்களில் வெயில் படத்தான் செய்கிறது. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்.

ஷேவ் செய்தால் தாடைக்குக் கீழே பொரிப்பொரியாக வருகிறது. என்ன செய்வது?

சுருள் முடிக்காரர்களுக்கு இது அதிகம். ஒட்ட வெட்டிய முடி வளரும்போது வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்துகிறது. தோல் அதை அந்நியப் பொருளாக நினைத்து வீங்குகிறது. பார்க்கப் பரு போல இருக்கும், ஆனால் பரு அல்ல. கிள்ளினால் கறுப்புத் தழும்பு நிச்சயம்.

முதல் வேலை, இரண்டு மூன்று வாரம் ரேசரை ஒதுக்கி வைப்பது. ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அலுவலகத்தில் மழமழவென்று வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் ட்ரிம்மரோடேயே இருந்துவிடலாம். ஷேவ் செய்தே ஆக வேண்டும் என்றால் குளித்தவுடன் செய்யுங்கள், முடி தண்ணீரில் ஊறி மெத்தென்றிருக்கும். ஃபோம் அல்லது ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள். கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளரும், கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ கூட வளரும். விரலால் வருடினால் எந்தத் திசையில் மழமழப்பாக இருக்கிறதோ, அந்தத் திசையில் மட்டும் ரேசரை இழுங்கள். தோலைப் பிடித்து இழுத்து எதிர்த்திசையில் மழிப்பதுதான் இந்தப் பொரிகளுக்கு முக்கியக் காரணம். ஒரே இழுப்பில் ஒட்ட வெட்டும் ஐந்து பிளேடு ரேசரைவிட ஒற்றை பிளேடு இவர்களுக்கு நல்லது. ஐந்து முதல் ஏழு ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றுங்கள், ரேசரைக் குளியலறை ஈரத்தில் விட்டு வைக்காதீர்கள்.

ஷேவ் முடிந்ததும் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவை அறைந்துகொள்ளும் பழக்கத்தை விடச் சொல்வேன். வெட்டுப்பட்ட தோலுக்கு அது எரிச்சலும் வறட்சியும்தான். மாய்ஸ்சரைசரே போதும். படிகாரம் பற்றிக் கேட்பார்கள். சின்ன வெட்டில் ரத்தம் நிற்க அது நன்றாக வேலை செய்யும். தேய்த்துவிட்டுத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், மாய்ஸ்சரைசருக்கு மாற்றாக அதை நினைக்காதீர்கள்.

சலூனில் ஷேவ் செய்யலாமா?

செய்யலாம். பிளேடை உங்கள் கண்முன் உறை பிரித்து மாற்ற வேண்டும். இதைக் கேட்பதால் சலூன்காரர் தப்பாக நினைக்க மாட்டார். மஞ்சள் காமாலை பி வகை உள்ளிட்ட ரத்தம் வழிப் பரவும் நோய்கள் பழைய பிளேடில் தொற்ற வாய்ப்புண்டு. பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியையும் ஈரத் துண்டையும் மறுத்துவிடுங்கள்.

பரு போக என்ன போடலாம்?

துளைக்குள் எண்ணெயும் இறந்த செல்லும் அடைத்து, கிருமி பெருகி, வீங்குவது பரு. அழுக்கால் வருவதில்லை. கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு அல்ல, அடைத்த எண்ணெயும் மெலனினும் காற்று பட்டுக் கறுத்தது. எனவே ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதால் பயனில்லை.

லேசான பருவுக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ் வாஷ், அல்லது 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை மெல்லிசாக இரவில். பின்னது துணியை வெளுக்கும், தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும். முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நாள் பூசிப் பாருங்கள், பிறகு முகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் ‘வேலை செய்யவில்லை’ என்று டியூபைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம், பொறுமை வேண்டும். அடாபலீன் போன்ற மருந்துகளையும் மாத்திரைகளையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

பருவைத் தூண்டும் சில விஷயங்கள் நம் அன்றாடத்தில் இருக்கின்றன. தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்தால் நெற்றியில் பொரியும். ஹெல்மெட்டின் உள்ளுறை வியர்வையில் ஊறி, நெற்றியிலும் தாடையிலும் உராயும். கழற்றக்கூடிய உறையை வாரம் ஒருமுறை துவையுங்கள், உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஜிம்முக்குப் போகத் தொடங்கி, வே புரோட்டீன் எடுத்த சில வாரங்களில் பரு கிளம்பினால் அதை நிறுத்திப் பாருங்கள், சிலருக்கு அந்தத் தொடர்பு இருக்கிறது. முதுகிலும் தோளிலும் திடீரென்று வந்தால், ஜிம்மில் யாராவது கொடுத்த ஊசியோ மாத்திரையோ காரணமா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரையும் மைதாவும் மிகுந்த சாப்பாடு பருவைக் கூட்டலாம்.

நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக வந்து அரிக்கிறதா? வியர்வை மிகுந்த நம் பருவநிலையில் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். பருவுக்கான ஆன்டிபயாடிக் மருந்து அதைக் கூட்டலாம், குறைக்காது. அரிப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.

பற்பசை வைத்தால் பரு வற்றுமா என்றும் கேட்கிறார்கள். தோல் வெந்து, பருவின் இடத்தில் கறுப்புத் தழும்பு மிஞ்சும்.

நிறம் கூட என்ன கிரீம் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதை என் கடமையாக வைத்திருக்கிறேன்.

பிறவி நிறத்தை மாற்றும் பாதுகாப்பான கிரீம் கிடையாது. வெயிலில் கறுத்த பகுதியைச் சட்டைக்குள் மறைந்திருக்கும் தோலின் நிறத்துக்குக் கொண்டுவரலாம், அதற்குச் சன்ஸ்கிரீனும் பொறுமையும் வேண்டும். அதைத் தாண்டி வாக்குறுதி தருகிற எதையும் நம்பாதீர்கள். ஆண்களுக்கென்றே சிவப்பழகு கிரீம் இந்தியச் சந்தைக்கு 2005இல் வந்தது. ஊரெல்லாம் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியும் மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் பேச்சு மாறவில்லை, அதனால்தான் பையன்கள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு கடைக்கு வருகிறார்கள்.

பெரிய ஆபத்து விளம்பர கிரீமில் இல்லை. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டுகள் கலந்த டியூப்களில் இருக்கிறது. தோல் மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்கு எழுதித் தரும் மருந்துகள் இவை. மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்த்த கலவை மங்குக்கானது, அதைத்தான் ‘கலர் கிரீம்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பருவும் அடங்கும். அந்த இரண்டு வாரத்தை நம்பித்தான் நண்பனுக்கும் சொல்கிறார்கள். மாதங்கள் ஓட ஓடத் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவந்த ரத்தக் குழாய்க் கோடுகள் தெரியும், வெயிலில் நின்றால் எரியும், பரு கொத்துக் கொத்தாக வரும். நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் சிவந்து வீங்கும், பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று தனி நோயாகவே குறிக்கிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மத்திய அரசு 2018இல் சேர்த்தது. சீட்டுக் கேட்கிற கடைக்காரர்மேல் கோபப்படாதீர்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர் என்றால், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று தூக்கியெறிய வேண்டாம். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க அவருக்கு வழி தெரியும்.

இன்னொரு ஆபத்து பாதரசம். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பொருள் பட்டியல் எதுவுமில்லாமல் சிறு டப்பாவில், இணையத்திலும் அழகு நிலையங்களிலும் விற்கும் வெளிநாட்டு கிரீம்களில் அது இருக்க வாய்ப்புண்டு. தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் இறங்கி வந்த நோயாளிகள் பலரிடம் இப்படிப்பட்ட கிரீம்களே பொதுவான காரணமாக இருந்ததை அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்தது 2023இல் செய்தியானது. உறையில் உரிம எண் இல்லையென்றால் தொடாதீர்கள்.

கழுத்திலும் நெற்றி ஓரத்திலும் கறுத்துத் தடித்திருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லையே?

தேய்க்காதீர்கள், அது அழுக்கு அல்ல. தொட்டால் வெல்வெட் துணிபோல இருக்கிறதா, அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைத் தோல் முன்கூட்டியே காட்டுகிறது. தொப்பை போட்ட இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் (HbA1c) பரிசோதியுங்கள். எடை குறைந்தால் கறுப்பும் மங்கத் தொடங்கும். கிரீமுக்குச் செலவழிக்கும் காசை முதலில் ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

தாடிக்குள் அரிப்பு, வெள்ளைச் செதில். எண்ணெய் தேய்க்கலாமா?

எண்ணெய் அதைக் கூட்டும். மூக்கோரம், புருவம், தாடி ஆகிய இடங்களில் மஞ்சள் கலந்த செதில் உதிர்ந்தால் அது தலைப் பொடுகின் அதே குடும்பம். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தாடியில் நுரைக்கவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மாதம் செய்து பாருங்கள்.

கடலை மாவு, மஞ்சள், எலுமிச்சை என்று வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடாதா?

பயத்தம் மாவும் கடலை மாவும் தாராளமாக. பாட்டி காலத்துப் பழக்கம், எண்ணெயை உறிஞ்சும். நைஸாகச் சலித்து, தேய்க்காமல் பூசிக் கழுவுங்கள். முல்தானி மட்டி எண்ணெய்த் தோலுக்கு வாரம் ஒருமுறை போதும், முழுக்கக் காய்ந்து வெடிக்கும்வரை விடாதீர்கள். மஞ்சளில் குற்றமில்லை, கறைதான் நிற்கும்.

எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். கடும் அமிலம் என்பது ஒன்று. அதன் சாறும் தோலெண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளித்து, மாதக்கணக்கில் நிற்கும் கரும்பழுப்புத் தழும்பாகிவிடும். சமையல் சோடாவும் வேண்டாம், அது காரத்தன்மை கொண்டது. மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பதையும் நிறுத்துங்கள், தோல் வெந்து குழி விழுந்து வருகிறார்கள்.

சீரம், வைட்டமின் சி, ரெட்டினால் எல்லாம் வாங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. மூன்று அடிப்படைப் பொருள்களும் மூன்று மாதம் பழகிய பிறகு ஆசை இருந்தால் ஒன்றே ஒன்றைச் சேருங்கள். எண்ணெய்க்கும் தழும்புக்கும் 5 சதவீத நியாசினமைட் (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) சாதுவானது. ரெட்டினால் சுருக்கத்துக்கு உதவும், இரவில் மட்டும், வாரம் இரண்டு முறையில் தொடங்க வேண்டும், பகலில் சன்ஸ்கிரீன் பூசாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

மாதம் எவ்வளவு செலவாகும்?

அளவோடு வாங்கினால் மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 500 ரூபாய். அதில் பாதிக்கு மேல் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் அளவு என்பது ஏறக்குறைய ஒரு கிராம், ஆகவே 50 கிராம் டியூப் ஒன்றரை மாதம் வர வேண்டும். ஆறு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறது என்றால் நீங்கள் பூசுவது போதவில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பரு ஆழமாக, கட்டி கட்டியாக, வலியோடு வந்தால் காத்திருக்காதீர்கள், அது பள்ளம் விழும் வகை. ஆறாத புண், ரத்தம் கசியும் மச்சம், உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமல், மாதக் கணக்கில் குறையாத சிவப்பு ஆகியவற்றையும் உடனே காட்டுங்கள். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். முழுமையாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

தனியார் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். இதுவரை முகத்தில் பூசிய எல்லா டியூபையும் டப்பாவையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாத கிரீம் என்றாலும் கொண்டுபோங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.